தந்த வயலின்

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பம். இவரோடு அது நின்றுவிட்டது. இவர் பஸ் கண்டக்டர். பாட்டனாரின் நாகஸ்வரமும் ஒத்தும், ஒரு தகரப்பெட்டி நிறைய ஸ்வர நோட்டுகளும் வீட்டில் இருக்கின்றனவாம். பழம்பொருள் வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை பேசியிருக்கிறார். பெண்ணுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டும். "விற்கலாமா? அல்லது, வெளியூர்களில் செய்கிறார்களாமே, அதுபோல வீட்டிலேயே சின்னதாக ஒரு காட்சிசாலை வைக்கலாமா?" என்று கேட்கிறார்.

வெளியூர்களில் செய்கிறார்கள் என்பது வாஸ்தவந்தான். குவாலியரில் சரோத் மேதை ஹாபிஸ் அலிகானின் பூர்வீக வீட்டை, அவர் மகன் அம்ஜத் அலிகான் குடும்பத்தார் 'சரோத் கர்' என்ற காட்சிசாலையாக்கி, முன்னோர் வாத்தியங்களை வைத்திருக்கிறார்கள். ஜாஸ் சங்கீதச் சக்கரவர்த்தி லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971-ல் காலமாகும்வரை வாழ்ந்த நியூயார்க் வீடும் 2003 முதல் காட்சிசாலைதான். அவர் விட்டுப்போனவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது ட்ரம்பெட் அல்ல. வீட்டில் உட்கார்ந்து அவர் பதிவு செய்த நூற்றுக்கணக்கான டேப் சுருள்கள். பாட்டு மட்டுமா? நண்பர்களோடு அடித்த அரட்டைகூட அவற்றில் இருக்கிறது!

ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? நம் தஞ்சாவூருக்கே வாருங்கள்.

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர்களைத் தஞ்சை நால்வர் என்பார்கள். சரபோஜி மன்னரின் சபையை அலங்கரித்தவர்கள்; முத்துஸ்வாமி தீட்சிதரின் சிஷ்யர்கள். அரங்கேற்றம் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிறதே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்களே. கடைசித் தம்பி வடிவேலு, வெள்ளைக்காரர் வாத்தியமாயிருந்த வயலினை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர். அதில் மகிழ்ந்த திருவாங்கூர் மகாராஜா ஸ்வாதித் திருநாள், 1834-ல் யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தந்தத்தில் செய்து தந்த வயலின்! (சிலேடையை ஆசிரியர் மன்னிப்பாராக.) நால்வர் வம்சத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டிலேயே காத்து வந்திருக்கிறார்கள்.

இடையே நல்ல காலம் மட்டுமா வந்தது? சமஸ்தானங்கள் போயின. நாட்டியத்துக்கே இழிபெயர் வந்தது. கோயில்களில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ல் சட்டம் நிறுத்தியது. நிறுத்தவேண்டியதுதான், ஆனால் நட்டுவனார் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு அந்தக் காலத்தில் ஆட்டங்கண்டது. அன்று அந்தத் தந்தத்தை விற்றிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்?

விற்கவில்லை. ஆனாலும் வயலினைக் காத்ததைவிடப் பெரிய காரியம் ஒன்றை அந்த வீட்டார் செய்தார்கள். குலதனம் என்று உருப்படிகளை ஒளித்துவைத்த வித்வான்கள் உண்டு. கேட்டால் பல்லவியோடு நிறுத்திவிடுவார்கள். நால்வர் வம்சத்தில் வந்த கிட்டப்பா பிள்ளையும் அவர் தம்பி வீணை சிவானந்தமும் அப்படிச் செய்யாமல், முன்னோரின் உருப்படிகளை ஸ்வரப்படுத்தி, 1961-ல் 'பொன்னையா மணிமாலை' என்று அச்சிட்டே கொடுத்துவிட்டார்கள். வயலின் ஒரு வீட்டில் இருக்கிறது. பாட்டுகளோ ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

இப்போது நம் அன்பருக்கு. ஐயா, பெண்ணின் படிப்புக்காக நாகஸ்வரத்தை விற்பதில் பாவமொன்றுமில்லை. முதலில் வந்தவர் சொன்ன விலைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வாசிக்கிற வித்வான் ஒருவரிடம் காட்டுங்கள். பின்னால் வேண்டுமானால் இன்னொன்று வாங்கலாம். நரசிங்கம்பேட்டையில் இன்றும் ஆச்சா மரத்தில் கடைந்து கொடுக்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தகரப்பெட்டியை மட்டும் வியாபாரி கண்ணில் காட்டாதீர்கள். அந்த நோட்டுகளை எந்த ஊரில் கடைந்து தருவார்கள்?

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: தகப்பனாருக்கு எண்பது வயது, பல் விழுந்துவிட்டதால் ஊதுவதில்லை, வாயால் பாடிக் காட்டுவார் என்று. அதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! காட்சிசாலை யோசனை ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டுகளை அவர் முன் விரித்துவைத்து, ஒவ்வொன்றாகப் பாடச் சொல்லுங்கள். சுவாமி புறப்பாட்டுக்கு எந்த மல்லாரி, சீவாளியை எப்படிப் பதப்படுத்தினார்கள், எல்லாம் கேளுங்கள். உங்கள் பெண் செல்போனில் பதிவு செய்யட்டும். அப்போது மின்விசிறியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். காற்றுச் சத்தம் பதிவில் ஏறிவிடும்.