கணிப்பொறிக்குக் கண்ணாடிக் கதவு

கல்லூரியில் சேரும் மகனோ மகளோ வீட்டில் மேசைக் கணிப்பொறி ஒன்றை அமைத்துத் தருமாறு கேட்பது இப்போது பல இல்லங்களில் நிகழ்வது. பிள்ளைகள் எழுதித் தரும் பட்டியலில் ‘கண்ணாடிப் பக்கமுள்ள கேபினெட்’ என்ற வரியைக் கண்டதும், “இரும்புத் தகடு போதாதா? கண்ணாடி எதற்கு?” என்று பெற்றோர் வினவுகின்றனர். தம் கையால் பொருத்திய இயந்திரத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் இருவரும் கேட்க மறக்கும் வினா ஒன்று உளது: அக்கண்ணாடி பெட்டியில் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது? இம்மாதம் இதனைச் சற்று ஆராய்வோம்.

உள்ளுறுப்புகளைக் காட்டும் ஆவல் புதியதன்று. 1998-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐமேக், உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் வண்ணப் பிளாஸ்டிக் உறையுடன் வந்தது. பின்னர் ஆர்வலர்கள் இரும்புப் பக்கத்தைத் தாமே அறுத்து அக்ரிலிக் தகடு பதித்தனர். அதைக் கண்ட தொழிற்சாலைகளும் அவ்வாறே செய்யலாயின. 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெம்பர்டு கண்ணாடி பரவி, அக்ரிலிக்கைப் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அக்ரிலிக் எடை குறைந்தது, எளிதில் நொறுங்காது. ஆனால் தூசியோடு துணி பட்டாலே கீறல் விழும்.

டெம்பர்டு கண்ணாடியின் இயல்பை அறிவது நலம். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றை வேகமாக வீசி ஆற்றுகின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பின்னர் ஆறும் உட்பகுதி சுருங்கி அதனை உள்நோக்கி இழுக்கிறது. இவ்விறுக்கமே அதற்குச் சாதாரணக் கண்ணாடியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமை தருகிறது. நடுவில் கை தட்டினால் அது அசையாது. ஓரமும் மூலையுமே அதன் பலவீனம். நம் வீட்டுத் தரைகளில் பதித்துள்ள ஓடுகள் பல, கண்ணாடியைவிடக் கடினமானவை. அத்தரையில் மூலை சற்றே இடித்தாலும் முழுத் தகடும் ஒரே நொடியில் ஆயிரம் துண்டுகளாகச் சிதறக்கூடும். துண்டுகள் கத்தி போல் நீண்டிரா என்பது ஆறுதலே. ஆயினும் வெறுங்காலுடன் தவழ்ந்தும் நடந்தும் திரியும் குழந்தைகள் உள்ள வீட்டில் அது சிறு விபத்தன்று. 45 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் 4 மி.மீ. கனமும் உள்ள தகடு ஏறக்குறைய 1.8 கிலோ எடையிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, பொருத்தும் முறைகளைப் பார்ப்போம். முதலாவது, நான்கு மூலைகளிலும் துளையிட்டுத் திருகாணியால் இறுக்குவது. கடைசித் திருகாணி கழன்றதும் தகடு கைநழுவக்கூடும். ஆதலால் மின்னிணைப்பை நீக்கி, பெட்டியைக் கண்ணாடி மேலே வருமாறு படுக்க வைத்தே கழற்ற வேண்டும். திருகாணிக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் தொலையலாகாது. கையால் முடுக்கும் அளவே போதும். இரண்டாவது, அலமாரிக் கதவு போல் கீலில் திறந்து காந்தத்தில் மூடுவது. திறக்க எளிது, ஆனால் பெட்டியைத் தூக்கிச் செல்லும்போது தானே திறந்துகொள்ளலாம். மூன்றாவது, கண்ணாடியின் ஓரத்தில் இரும்புச் சட்டம் இணைத்து, பின்புறத் திருகாணிகளால் நிறுத்துவது. கழற்றிக் கீழே வைத்தாலும் சட்டம் உள்ள பக்கத்தில் கண்ணாடியின் விளிம்பு தரையைத் தொடாது. குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு நாம் பரிந்துரைப்பது இதுவே. எம்முறையாயினும், கழற்றிய தகட்டை மெத்தை மேலோ மடித்த போர்வை மேலோ படுக்க வைப்பது நன்று. சுவரில் சாய்த்து வைப்பது ஆபத்து.

முன்புறமும் பக்கமும் சேர்ந்து கண்ணாடியாய், மூலையில் தூணின்றி மீன்தொட்டி போல் அமைந்த பெட்டிகளும் உண்டு. பார்வைக்கு மிக எழிலானவை. எனினும் முன்வாயில் அடைபடுவதால் காற்று அடியிலிருந்தோ மறுபக்கத்திலிருந்தோ வர வேண்டும். கூடுதல் விசிறிகள் தேவைப்படும். விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் வாங்கும் கிராபிக்ஸ் கார்டுகள் சில 200 வாட்டுக்கு மேல் மின்சாரம் கொள்கின்றன. அது அனைத்தும் வெப்பமாகவே வெளிப்படும். நம் கோடையில் இது எளிய செய்தியன்று. பக்கத்தில் கண்ணாடி இருப்பினும் முன்புறம் கம்பிவலையாய் இருக்கும் பெட்டியே குளிர்ச்சிக்கு ஏற்றது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான பெட்டிகளில், முன்னின்று பார்ப்பவருக்கு இடப்பக்கத்திலேயே கண்ணாடி இருக்கும். ஆகவே இருக்கையின் வலப்புறம் பெட்டியை வைத்தால்தான் அது நம்மை நோக்கும். இடப்புறச் சுவரோரம் வைக்க வேண்டிய அறையாயின், காசு கொடுத்து வாங்கிய கண்ணாடி சுவருக்கே காட்சியாகும்! தெளிந்த கண்ணாடி கம்பிகளையும் தூசியையும் ஒளியாமல் காட்டும். புகைநிறக் கண்ணாடி அவற்றை ஓரளவு மறைக்கும். தூசி படிவதும் விசிறி நின்றுபோவதும் உடனே கண்ணிற் படும் என்பதால், தெளிந்ததே நல்ல காவலாளி.

பெற்றோருக்கு ஒரு சொல்: தன் கைவேலையைக் காண விழையும் பிள்ளையின் ஆசை வீண் பகட்டன்று, அதனை ஏளனம் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு சொல்: தரமான எஸ்.எம்.பி.எஸ்-ஸுக்கும் போதிய விசிறிகளுக்கும் பணம் ஒதுக்கிய பின்னரே கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் செலவிடுங்கள். கடைக்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். விற்பவரிடம் அக்கதவை ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர் கை தடுமாறினால், நம் வீட்டுத் தரையில் அது என்னவாகும் என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம்.