புறக்கணிக்கப்படும் வளி

விழும் பொருள்களைப் பற்றிய வினாக்களில் "வளித்தடையைப் புறக்கணிக்க" என்னும் தொடரைக் காணாத பௌதிகவியல் மாணவர் நம்மிடையே இலர். அத்தொடரை எழுதுவது தவறன்று; எப்போது புறக்கணிக்கலாம், எப்போது புறக்கணிக்கலாகாது என்பதைக் கற்பியாது விடுவதே தவறு.

2000 மீற்றர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளியை எடுத்துக்கொள்வோம். வளியை மறந்து கணித்தால், அது நிலத்தை அடையும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 198 மீற்றர்; அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் மேல். அவ்வாறாயின் மழையில் நனைந்தவர் எவரும் வீடு திரும்பியிரார். உண்மையில் 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி செக்கனுக்கு 6 அல்லது 7 மீற்றர் வேகத்திலேயே நிலத்தை அடைகிறது. ஏறத்தாழ முப்பது மடங்கு பிழைத்த விடைக்கு முழுப்புள்ளி வழங்கும் கல்வியை அறிவியற் கல்வி என்பது எங்ஙனம்?

கணிதம் கடினமாகிவிடும் என்பர் சிலர். இது சாட்டேயன்றிக் காரணமன்று. வளியின் அடர்த்தி, பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பு, வேகத்தின் வர்க்கம், வடிவைச் சார்ந்த இழுவைக் குணகம் ஆகியவற்றின் பெருக்கத்திற் பாதியே தடைவிசை. அதனை எடைக்குச் சமப்படுத்தினால் முடிவு வேகம் கிடைக்கும். ஒரு வர்க்கமூலத்துக்கு மேல் எதுவும் வேண்டுவதில்லை. இடைப்பட்ட இயக்கத்தையும் நேரத்தைச் சிறு கூறுகளாக்கிப் படிப்படியாகக் கணிக்கலாம். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குண்டொன்று 20 மீற்றர் விழுந்து நிலத்தை அடையும் கணத்திலும், தடை அதன் எடையில் 2 சதவீதமளவே என்பதை இதே சூத்திரம் காட்டும். அங்கே புறக்கணிப்பு நியாயமானது. ஆனால் அந்நியாயத்தை வழங்கியது கணிப்பு, வினாத்தாளின் ஆணையன்று.

முன்னோர் வளியை மறந்தாரல்லர். கலிலியோ 1638 இல் வெளிவந்த தம் நூலிலேயே ஊடகத்தின் தடையை ஆராய்ந்தார். நியூற்றன் 1687 இல் வெளியிட்ட பெருநூலின் இரண்டாம் பாகத்தைப் பெரிதும் தடையூடகங்களில் நிகழும் இயக்கத்துக்கே ஒதுக்கினார். 1710 இல் இலண்டன் சென் போல் பேராலயத்தின் உச்சியிலிருந்து கண்ணாடிக் கோளங்களை வீழ்த்திச் செய்த சோதனைகளைப் பின்னர் அதிற் சேர்த்தார். மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு இலத்திரனின் ஏற்றத்தை அளந்து 1913 இல் வெளியிட்ட பெறுமானம் சற்றுக் குறைந்திருந்தது. வளியின் பிசுக்குமைக்கு அவர் கொண்ட பெறுமானம் சற்றுக் குறைவாயிருந்தமையே அதற்குக் காரணம். வளியைச் சிறிது குறைத்து மதித்ததற்கே இவ்விளைவெனில், அறவே மறப்பதற்கு யாது விளைவு?

எதனை விடலாம் எனத் துணியும் ஆற்றலே ஆய்வாளனின் முதல் ஆற்றல். அதனை மாணவனுக்காக வினாத்தாளே செய்துவிடின், அவன் சூத்திரத்தைக் கற்பான், இயற்கையைக் கல்லான். ஆதலின் இனி வரும் வினாக்களேனும் "வளித்தடையைப் புறக்கணிக்கலாமா? கணித்துக் காட்டுக" எனக் கேட்கட்டும்.