மூணு புள்ளி... ஏழு கலர்!

தாம்பரம் மேற்குல பஸ் ஏறி முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டினா மணிமங்கலம். பெரிய ஏரி, அதுக்குக் கீழே நெல் வயல், நடுநடுவே பிளாட் போட்ட கல்லுங்க. பல்லவ ராஜா நரசிம்மவர்மன், சாளுக்கிய புலிகேசியை இங்கேதான் புரட்டியெடுத்தார். அதே ஊர்ல அடியேன் தோத்த கதை இது!

ஃப்ரெண்டோட தாத்தாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர். வயல்ல எந்த மூலையில என்ன சத்து இருக்குன்னு மேப் போடறது எங்க மினி ப்ராஜெக்ட். அறுவடை முடிஞ்ச வயல்ல மூணே மூணு இடத்துல மண் எடுத்தோம் (வெயில் பாஸ், வெயில்!). லேப்ல தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து நம்பர் வந்துச்சு. சாஃப்ட்வேர்ல போட்டு ஒரு கிளிக். சிவப்புலேர்ந்து பச்சை வரைக்கும் ஏழு கலர்ல வயல் ஜொலிச்சது. கிளாஸ்ல கைதட்டல், ஃபுல் மார்க்.

பெருமையா பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தழைச்சத்து மேப்புல ஒரு சிவப்புத் திட்டுல விரல் வெச்சார்.

“இங்க மண்ணு எடுத்தியாப்பா?”

“இல்ல தாத்தா, அது சாஃப்ட்வேரே போட்டுக்கும்.”

“எங்கப்பா காலத்துல இங்கதான் மாட்டுக்கொட்டாய். இன்னிக்கும் இந்த இடத்துல பயிரு கரும்பச்சையா வளந்து, கதிர் வந்ததும் சாஞ்சுடும். நீ சத்து கம்மின்னு போட்டிருக்கியே?”

தழைச்சத்து ஓவரானா நெல் சாயும், பூச்சியும் சேரும். என் மேப்பை நம்பி அந்த இடத்துல கூடுதலா யூரியா போட்டிருந்தா? காசும் போச்சு, நெல்லும் போச்சு.

சாஃப்ட்வேர் மேல தப்பு இல்லீங்க. தெரிஞ்ச புள்ளிகளை வெச்சு நடுவுல இருக்கறதைக் கணிக்கிற அந்தக் கணக்குக்கு கிரிகிங்னு பேர். தென்னாப்பிரிக்காவுல டேனி கிரிக்னு ஒரு இன்ஜினீயர், தங்கச் சுரங்கத்துல எங்கே எவ்வளவு தங்கம் இருக்கும்னு கணிக்க 1951-ல எழுதின ஆராய்ச்சியிலேர்ந்து வளர்ந்தது. எவ்வளவு தூரம் தள்ளிப் போனா ஒரு மண்ணுக்கும் இன்னொரு மண்ணுக்கும் சம்பந்தமே இல்லாமப் போகும்னு முதல்ல கண்டுபிடிக்கணும். மூணு புள்ளியில அது நடக்கிற காரியமா? இன்னொண்ணு... அந்த சாஃப்ட்வேர் ரெண்டாவதா ஒரு படமும் தரும், ‘இந்தந்த இடத்துல என் கணிப்பு இவ்வளவு தப்பா இருக்கலாம்’னு. அதை நான் பிரிண்ட்டே எடுக்கலை!

தாத்தாகிட்ட பழைய மண்வள அட்டை ஒண்ணு இருக்கு. 2015-ல நாடு முழுக்க ஆரம்பிச்ச திட்டம். பன்னிரண்டு விஷயம் பார்த்துச் சொல்வாங்க, நல்ல விஷயம்தான். ஆனா 2019 வரை நடந்த முதல் ரெண்டு சுற்றுல, பாசன நிலத்துல 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான். அதாவது ஆறு ஏக்கருக்கு மேல! 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு விவசாயியோட சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அப்போ மூணு பேர் வயலுக்கு ஒரே ரிசல்ட். தன் அட்டையை ஏன் தாத்தா பரண்ல போட்டார்னு இப்பத்தான் புரியுது. 2019-20-ல மாதிரி கிராமங்கள்னு தேர்ந்தெடுத்து, ஒவ்வொருத்தர் நிலத்துலயும் தனித்தனியா எடுத்தாங்க.

உங்க ஊர்ல யாராவது மண் எடுக்கறாங்களா? V வடிவத்துல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ரெண்டு பக்கமும் மேலேர்ந்து கீழே வரைக்கும் சுரண்டணும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் பக்கம் கூடாது. யூரியா சாக்குல போட்டீங்க... அவ்ளோதான்! உரம் எவ்வளவு போடணும்னு தெரிஞ்சா போதும்னா பத்துப் பதினைஞ்சு இடத்து மண்ணைக் கலந்து அரைக்கிலோ அனுப்பலாம். மேப் வேணும்னா கலக்கவே கூடாது. கலந்தா மாட்டுக்கொட்டாயும் மேட்டுப்பக்கமும் ஒண்ணாயிடும், வித்தியாசம் காலி.

கைடு சார்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டேன். சிரிச்சுட்டு, “திருத்திக் கொண்டா”ன்னார். அடுத்த நடவுக்கு முன்னாடி 20 மீட்டருக்கு ஒண்ணுன்னு 15 பை எடுக்கணும். மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்துல தாத்தா குச்சி நட்டுட்டார். மார்க் ஏற்கெனவே போட்டாச்சுங்கறதால, கூட வந்த ரெண்டு பேர் எஸ்கேப். மண்வெட்டி பிடிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?