பிழை புட்டியிலன்று, அச்சில்

புணேயை அடுத்த தளேகாவில் 1908ஆம் ஆண்டில் பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை தோன்றியது. மக்கள் பைசா பைசாவாக அளித்த நன்கொடை அதற்குத் துணையாயிற்று. கண்ணாடித் தொழிலில் ஓர் உண்மை உண்டு. அச்சில் கீறல் இருப்பின், அதில் வார்க்கும் புட்டி ஒவ்வொன்றிலும் அது தோன்றும். புட்டியைத் தேய்ப்பதால் பயனில்லை. அச்சையே செப்பனிடல் வேண்டும்.

கணிப்பொறி நிரலுக்கும் இது பொருந்தும். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்விப்ட் மொழியில், 2023ஆம் ஆண்டின் 5.9ஆம் பதிப்பு முதல் மேக்ரோ என்னும் வசதி அமைந்துள்ளது. மேக்ரோவாவது, நிரலை எழுதித் தரும் நிரல். அஃது எழுதும் வரிகளில் காற்புள்ளியோ வரிப்பிரிவோ விடுபட்டால் கம்பைலர் பிழை காட்டும். மாணவனோ, தான் எழுதாத வரியில் பிழையைக் கண்டு திகைப்பான். தன் அறிவையே ஐயுறுவான்.

இப்பிழை நேர்வது எவ்வாறு? ஸ்விப்ட்சின்டாக்ஸ் நூலகத்தில் பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு தனிக் கணு. உறுப்பை அடுத்து வரும் காற்புள்ளி அக்கணுவின் ஒரு பகுதியாகும். கணுக்களைக் கையால் அமைப்போர் அதனைச் சேர்க்க மறந்தாலும், ஓர் உறுப்பு மட்டுமே உள்ள பட்டியல் பழுதின்றி இயங்கும். இரண்டாவது உறுப்பு வந்தவுடன் பிழை வெளிப்படும். அவ்வாறே, இரு கூற்றுக்கள் பிரிவின்றி ஒரே வரியில் அமைந்தால், இடையில் அரைப்புள்ளி வேண்டுமெனக் கம்பைலர் கூறும்.

பரிகாரம் எளிது. எக்ஸ்கோடு மென்பொருளில் மேக்ரோவை விரித்துக் காட்டும் கட்டளை உள்ளது; விரிந்த வரிகளை முதலில் கண்ணால் காணல் வேண்டும். பின்னர், எதிர்பார்க்கும் விரிவை எழுதிவைத்து, மேக்ரோ தருவதோடு ஒப்பிடும் சோதனையை அமைத்தல் நலம். உறுப்பு இல்லாத பட்டியல், ஓர் உறுப்புடையது, பல உறுப்புடையது ஆகிய மூன்றையும் சோதித்தாலன்றிச் சோதனை முழுமை பெறாது.

விரிந்த வரிகளை நகலெடுத்து, அங்கேயே காற்புள்ளியை இட்டு வேலையை முடிப்பாரும் உளர். அவசரத்திற்கு அஃது உதவலாம். ஆயின் கற்பிக்கத் தக்க முறையன்று. அடுத்த முறை மேக்ரோ விரியும்போது அதே பிழை மீண்டும் தோன்றும். பழைய ஏட்டுச் சுவடிகளில் சொற்பிரிப்பும் நிறுத்தக்குறியும் இல்லாமையால், பதிப்பாசிரியர்கள் பொருளறிந்து பிரித்தனர். கம்பைலரிடம் அத்தகைய ஊகத்தை எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே, பிழை தோன்றிய இடத்தையன்றி அது பிறந்த இடத்தைத் தேடும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்க்கு ஊட்டுவார்களாக.