கரண்ட் வைத்த பிறகு வரும் இருமல்

கண்டரமாணிக்கத்தில் ஓர் ஆச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் ஆபரேஷன் ஆகி, மூன்று வாரம் கதிர்வீச்சும் முடித்து ஊர் திரும்பிவிட்டார். ஊர் வழக்கில் அதற்குக் 'கரண்ட் வைப்பது' என்று பெயர். இரண்டு மாதம் கழித்து வறட்டு இருமல், லேசான காய்ச்சல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காரைக்குடிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்க்கிறார்.

"எத்தனை நாளா இருமல், ஆச்சி?"

"பத்து நாளா இருக்குங்க."

கரண்ட் வைத்ததை அவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. அதுதான் முடிந்துபோன கதை ஆயிற்றே!

முடியவில்லை என்பதுதான் விஷயம். மார்பில் கதிர் படும்போது, விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் நுரையீரலின் ஓரத்திலும் கொஞ்சம் படுகிறது. அதனால் சிலருக்கு அங்கே அழற்சி உண்டாகும். பெரும்பாலும் 1 முதல் 6 மாதத்துக்குள் வெளியே தெரியும். கதிர்வீச்சு நிமோனைடிஸ் என்பது அதன் பெயர். கிருமியால் வருவதில்லை என்பதால் ஆன்டிபயாடிக்குக் கேட்காது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நிமோனியாவா, காசநோயா என்று சந்தேகம் போகும். அவற்றையும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் இதுதான் என்று தெரிந்துவிட்டால், லேசானது தானாகவே அடங்கும். மற்றது பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரையில் கட்டுப்படும். சிலருக்கு மட்டும் அந்த இடம் பிற்பாடு தழும்பேறிப்போகும்.

இதைப் படித்துவிட்டு, கரண்டே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றிய 10,801 பெண்களின் விவரங்களைத் தொகுத்து, 2011-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 10 ஆண்டுகளில் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெறாதவர்களில் 35 சதவீதம். பெற்றவர்களில் 19 சதவீதம். இந்த லாபத்துக்கு முன்னால் இருமல் சின்ன விலைதான்.

ஆனால் அந்த விலையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாமா? டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் பீரோவுக்குள் தூங்குகிறது. எந்தப் பக்கம் கதிர்வீச்சு, எந்தத் தேதியில் முடிந்தது, இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எந்த மருத்துவமனைக்கும் அது பெரிய செலவில்லை.

அந்தத் தாள் கிடைக்கும்வரை வீட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். எந்த டாக்டரிடம் அழைத்துப்போனாலும், வாயைத் திறந்ததும் முதலில் சொல்லுங்கள்: "ஆச்சிக்கு நெஞ்சில் கரண்ட் வைத்திருக்கிறது."