வேட்டையில் வெல்வது உச்ச வேகமா?

சிவிங்கி மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆகவே பூனை இனத்தில் அதற்கு நிகரான வேட்டையாடி இல்லை. பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லிச் சொல்லி இது பலர் மனதில் பதிந்துவிட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் கூனோ காட்டுக்கு வந்தபோதும் இதே பேச்சுதான். அந்த எண்ணுக்கே ஆதாரம் போதாது. அதிலிருந்து இழுத்த முடிவோ முழுத் தவறு.

முறையாக அளந்தவற்றைப் பார்ப்போம். 1965-ல் கென்யாவில் பழக்கப்பட்ட சிவிங்கி ஒன்று சுமார் 200 மீட்டரை 7 விநாடியில் கடந்தது. மணிக்கு 104 கிலோமீட்டர். 2012-ல் சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையின் சாரா என்ற சிவிங்கி 100 மீட்டரை 5.95 விநாடியில் ஓடியது. இரண்டுமே நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்த்தவை. எதிரே உயிருக்குப் போராடும் மான் இல்லை.

காட்டில் நடப்பது வேறு. ஆய்வாளர் ஆலன் வில்சன் குழுவினர் போட்ஸ்வானாவில் ஐந்து சிவிங்கிகளுக்குக் கருவி பொருத்திய கழுத்துப்பட்டை மாட்டி, 367 ஓட்டங்களைப் பதிவு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். எட்டிய அதிகபட்சம் மணிக்கு 93 கிலோமீட்டர். ஒவ்வோர் ஓட்டத்தின் உச்சத்தையும் சேர்த்துச் சராசரி கண்டால் ஏறக்குறைய 54. காலிச் சாலையில் நகரப் பேருந்தே அந்த வேகத்தைத் தொட்டுவிடும்! ஓடிய தூரமும் சராசரியாக 173 மீட்டர்தான்.

அப்படியானால் இரை எப்படிச் சிக்குகிறது? இம்பாலா மான் நேராக ஓடிச் சாவதில்லை. சட்டென்று வெட்டித் திரும்பும். அந்த நொடியில் முழு வேகத்தில் வரும் சிவிங்கி அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் நெருங்கியதும் அது வேகத்தைக் குறைக்கிறது. முழுதாக உள்ளிழுக்காத நகங்கள் மண்ணைப் பற்றுகின்றன, நீண்ட வால் எதிர்ப்பக்கம் வீசி உடலை நிலைநிறுத்துகிறது. முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே கொக்கிபோல் ஒரு நகம் உண்டு. அது மானின் உடலில் மாட்டி இழுக்க, மான் நிலைகுலைந்து விழுகிறது. பிறகு தொண்டையைக் கவ்வி மூச்சை அடைக்க வேண்டும். நான் வியப்பது இந்த நிதானத்தைத்தான்.

உடல் கொதித்துவிடும் என்பதால்தான் துரத்தலைப் பாதியில் விடுகிறது என்றும் சொல்வார்கள். 1973-ல் ஆய்வகத்தில் ஓடுபொறிமீது ஓடவிட்டுச் செய்த சோதனையிலிருந்து பிறந்த கருத்து இது. நமீபியாவில் சிவிங்கிகளின் உடலுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது துரத்தலின்போது வெப்பநிலை குறிப்பிடும்படி ஏறவில்லை. ஓட்டம் முடிந்த பிறகே ஏறியது: இரை சிக்காதபோது அரை டிகிரி, சிக்கியபோது 1.3 டிகிரி. பிடித்ததைப் பறிக்க வேறு வேட்டைவிலங்கு வருமோ என்ற பதற்றமே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி ‘நிகரில்லாத வேட்டையாடி’ என்ற பட்டம். அந்த 367 ஓட்டங்களில் இரை கிடைத்தது நூற்றுக்கு 26-ல்தான். ரஷ்யாவின் தூரகிழக்கில் பனியில் பதிந்த தடங்களைப் படித்தவர்கள், காட்டுப்பன்றியைத் தாக்கிய புலிகள் பாதிக்கும் மேற்பட்ட முறை வென்றதாகக் கணக்கிட்டார்கள். தென்னாப்பிரிக்கப் பகுதியின் கருங்கால் பூனை, இரண்டு கிலோ எடைகூடப் பெரும்பாலும் தேறாதது, பத்தில் ஆறு முறை வெல்கிறது. ஒவ்வொரு கணக்கும் ஒவ்வொரு விதமாக எடுக்கப்பட்டது, இரையும் வேறு. ஆகவே இவற்றை வைத்துத் தரவரிசை போடக்கூடாது. ஆனால் வேகத்தை மட்டும் வைத்து முதலிடம் தருவது அதைவிடப் பெரிய பிழை. புலி துரத்தியே பிழைப்பதில்லை. புதர் மறைவில் ஊர்ந்து, சில பாய்ச்சல்களில் எட்டும் தூரம் வரை நெருங்கியபின்தான் வெளிப்படுகிறது. சிங்கமும் சிவிங்கியும் தத்தம் இரையான வரிக்குதிரையையும் இம்பாலாவையும் வெல்வது எதனால் என்று 2018-ல் அதே வில்சன் குழு அளந்தது: வேகமெடுப்பதில் 37 சதவீதம், வேகத்தைக் குறைப்பதில் 72 சதவீதம் கூடுதல் திறன்.

சிவிங்கிக்குப் பரந்த புல்வெளி மட்டுமே பொருந்தும் என்ற வாதமும் இந்த வேகக் கதையிலிருந்து வந்ததே. போட்ஸ்வானாவில் அவை புதர்க்காட்டிலும் மரங்களுக்கிடையிலும் வேட்டையாடின. தென்னாப்பிரிக்கப் பகுதியில் 19 சிவிங்கிகளின் ஆற்றல் செலவை அளந்த 2014 ஆய்வு இன்னும் முக்கியமானது. அவற்றைக் களைப்பாக்குவது அந்தச் சிறு ஓட்டம் அல்ல, இரை தேடி மணிக்கணக்கில் அலையும் நடை. கூனோவில் ஓட இடம் போதுமா என்று கேட்கும் முன், ஒரு புள்ளிமானைக் காண அவை எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.