கையெழுத்து கேட்காத வியாழக்கிழமை



கலிஃபோர்னியாவிலிருந்து நம் நெடுநாள் வாசகர் ஒருவர் எழுதிய நான்கு பக்கக் கடிதம் இந்த மாதம் முழுக்க என் மேசையிலேயே கிடக்கிறது. பெயர் போடாமல் எழுதலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவர் அவர். அங்கே 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். அபராதத்தோடு விடமாட்டார்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் மூன்று மாதம், 30 மணி நேர வகுப்பு. இரண்டாம் தடவை என்றால் 18 மாதம் வரை இழுக்கும். கட்டணமும் மாட்டியவர் தலையில்தான்.

"முதல் இரண்டு வாரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் குடிகாரர்கள், நான் ஏதோ கெட்ட நேரத்தில் மாட்டியவன் என்று நினைப்பு" என்கிறார்.

அந்த நினைப்பை உடைத்தது ஒரு கணக்கு. கடைசியாக நிறையக் குடித்த இரவை ஒரு தாளில் எழுதச் சொன்னாராம் வகுப்பு நடத்திய ஆலோசகர். இந்தியாவில் டெஸ்ட் மேட்ச் என்றால் அங்கே ராத்திரி விழிப்பு. நண்பர் வீட்டில் பதினொரு மணிக்குத் தொடங்கி ஒன்பது ரவுண்டு. ஒரு ரவுண்டைக் கரைக்க உடம்புக்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். காபிக்கும் குளியலுக்கும் அது மசியாது. கூட்டிப் பார்த்தால் காலை எட்டு. ஏழரைக்கு மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டிருக்கிறார். "அவள் பெல்ட் போட்டிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்" என்ற வரிக்குக் கீழே பேனாவை அழுத்தி ஒரு கோடு.

நம் ஊர்ச் சட்டம் அளவில் இன்னும் கறார். 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும்: முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் "ஃபைன் கட்டிட்டேன், வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தாளும் கணக்கும் நமக்கு வாய்ப்பதில்லை.

வகுப்பு முடிந்து சான்றிதழ் வந்தது. அவர் சொல்ல வந்தது அதையல்ல, அடுத்த வியாழக்கிழமையை. மூன்று மாதமாக வியாழன் மாலை ஆறுக்கு வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவருக்கு அன்று போக இடமில்லை. "மேட்ச் இருக்கு, வா" என்று வாட்ஸ்அப்பில் நண்பர். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துத் தேவாலயத்தில் நடக்கும், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே யாரும் கையெழுத்து கேட்கவில்லை. நீதிமன்றத்தின் கை நீண்டது முந்தைய வியாழன் வரைதான். இந்த வியாழன் அவருடையது.

உத்தரவில்லாமலே போகக்கூடிய இடங்கள் இங்கும் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை அவற்றில் ஒன்று. 14446 என்ற இலவச உதவி எண்ணையும் குறித்து வையுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அப்படிப் போய்வந்தால் என்ன செய்வது? நம் வாசகர் திரும்பியபோது மனைவி ஒன்றும் குடைந்து கேட்கவில்லையாம். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாராம்.

அன்புடன்,
ஆசிரியர்